உடன்படிக்கையும் குடியேறியோரும்

வைகறைப் பொழுதில் பெங்களூர் ஆஸ்டின் டவுன் தெருக்களில் நடந்து செல்வோர் காதில் ஒரு கேள்வி விழும். "காவேரி வந்துவிட்டதா?" என்று ஒரு வீட்டார் அடுத்த வீட்டாரை வினவுவர். கேட்பவர் தமிழராக இருப்பார். மறுமொழி கூறுபவர் கன்னடராக இருப்பார். இடையில் குடத்தோடு நிற்பவர் தெலுங்கரோ உருது பேசுபவரோ ஆவர். இந்நகரத்தில் குழாய் நீருக்குக் 'காவேரி' என்பதே பெயர். ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் 'போர்த் தண்ணீர்' என்று பெயர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் பேராறு நாள்தோறும் மேடேறி வந்து நம் சமையலறையில் இறங்குகிறது. நாமும் அதனைக் குடத்தில் ஏந்திக்கொண்டு அன்றாட அலுவல்களில் மூழ்கிவிடுகிறோம்.

அந்நீர் எந்த ஏற்பாட்டினால் நம்மிடம் வருகிறது? நம் வீடு நிற்கும் நிலம் எந்த ஏற்பாட்டினால் நம் முன்னோர் கைக்கு வந்தது? அந்த ஏற்பாடுகளில் நமக்கு உரிமை உண்டு என்றால், கடமை எவ்வளவு? பிறந்த மண்ணைவிட்டு வேறு மாநிலங்களில் வாழும் தமிழர் அனைவரும் என்றேனும் ஒருநாள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. நாம் வாழும் ஆஸ்டின் டவுனை முன்னிறுத்தி இவற்றை இங்கே ஆராய்வோம்.

உடன்படிக்கை என்றால் இரு தரப்பார் கூடி, இன்னது தருவோம், இன்னது பெறுவோம் என்று எழுதிக் கையொப்பமிடுவது. ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். கையொப்பமிடுபவர் சிலர், அதனால் கட்டுப்படுபவர் பலர். நிலத்தை உழுதவரையும், பின்னர் அந்நிலத்தில் வந்து குடியேறியவரையும் எவரும் கலந்துகொள்வதில்லை. ஆயினும் ஏட்டில் எழுதியது அவ்விரு சாராரின் வாழ்விலும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அவருடைய நாட்டின் பல பகுதிகளை வென்றோர் பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சிய மைசூர் நாட்டிற்கு உடையார் மரபைச் சேர்ந்த மூன்றாம் கிருஷ்ணராஜர் மன்னராக்கப்பட்டார். அப்போது அவருக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. அவ்வாண்டு ஜூலை மாதம் அவர் சார்பில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு துணைப்படை உடன்படிக்கை செய்யப்பட்டது. மைசூரைக் காப்பதற்காகக் கம்பெனி தன் படையை அந்நாட்டில் நிறுத்தும்; அதற்காக மைசூர் ஆண்டுதோறும் ஏழு இலட்சம் நட்சத்திர வராகன் செலுத்தும். இதுவே அதன் சாரம். ஆஸ்டின் டவுனில் இன்று வாழும் பல தமிழ்க் குடும்பங்களின் கதை, அக்குடும்பங்கள் அறியாமலே, இந்த ஏட்டில்தான் தொடங்குகிறது.

படை முதலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அங்கே காய்ச்சல் நோய் படைவீரரை வாட்டியது. ஆகவே 1809-ஆம் ஆண்டளவில் படை, தட்பவெப்பம் இனிதாக இருந்த பெங்களூர் மேட்டுநிலத்திற்கு வந்து சேர்ந்தது. அல்சூரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் ஒட்டிப் பாசறை எழுந்தது. கன்னட மக்கள் அதனைத் 'தண்டு' என்றனர். தண்டு என்றால் படை. நம் பழந்தமிழிலும் இச்சொல்லுக்கு இப்பொருள் உண்டு. கோட்டையைச் சூழ்ந்த பழைய நகரம் 'பேட்டை' எனப்பட்டது. பேட்டை ஒருபுறம், தண்டு மறுபுறம். இவ்வாறு ஒரே ஊர் இரண்டாக வளரத் தலைப்பட்டது.

படை என்பது துப்பாக்கி ஏந்தியவர் மட்டும் கொண்டது ஆகாது. சிப்பாய் ஒருவர் என்றால், அவரை நம்பி வாழ்வோர் பலர். வண்டிமாடு ஓட்டுவோர், சமையற்காரர், சலவைத் தொழிலாளர், தையற்காரர், கொத்தர், தச்சர், துபாஷிகள், தானிய வணிகர், ஒப்பந்தக்காரர் என்று எத்தனையோ பேர் பின்தொடர்ந்தனர். கம்பெனியின் சென்னைப் படையோடு வந்ததால் இவர்களிற் பெரும்பாலோர் தமிழர். அதிலும் ஆர்க்காட்டுச் சீமையைச் சேர்ந்தோர் மிகுதி. பஞ்சத்திற்கு அஞ்சியும், சாதிக் கொடுமைக்கு அஞ்சியும், பிழைப்பைத் தேடியும் மலைக் கணவாய்களைக் கடந்து மேலேறி வந்தவர் அவர்கள். நாட்டைப் பிடிக்க வந்தவர் அல்லர். ஆயினும் நாட்டைப் பிடித்தவரின் நிழலில் வந்தவர் என்பதை நாம் மறைக்கவும் வேண்டியதில்லை, மறக்கவும் கூடாது.

தண்டு எழுந்த இடம் வெறும் பொட்டல் அன்று. அங்கே ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, அவற்றிற்கு நீர் வார்த்த ஏரிகள் இருந்தன. ஆஸ்டின் டவுனுக்கு அடுத்துள்ளது நீலசந்திரா. பெங்களூரைச் சூழ்ந்த ஊர்ப் பெயர்களின் ஈற்றில் வரும் 'சந்திரா' என்பது 'சமுத்திரம்' என்பதன் திரிபு என்பர். பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று அழைப்பது நம் நாட்டு வழக்கமும் ஆகும். அந்த ஏரிகளைத் தோண்டியவர்கள், கரையை உயர்த்தியவர்கள், மதகைக் காத்தவர்கள் யாவரும் இந்நாட்டுக் குடியானவர்கள். நிலம் பாசறைக்குப் போகும்போது அவர்களுடைய கையொப்பத்தை எவரும் கேட்கவில்லை.

இங்கே நம்மவர் சிலர் குறுக்கிட்டு, "இம்மண்ணில் தமிழுக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டே" எனக் கூறலாம். உண்டு, மறுப்பதற்கில்லை. நமக்கு அண்மையிலுள்ள தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பேகூரிலோ, பெங்களூர் என்னும் பெயரைத் தாங்கிய ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. இவ்விரண்டும் அடுத்தடுத்து வாழ்ந்த இரு மொழியினரின் உறவுக்குச் சான்று பகர்கின்றன. ஆனால் கல்வெட்டைக் காட்டி நிலத்திற்குப் பட்டா கேட்பது அறிவுடைமை ஆகாது. நம்மிற் பெரும்பாலோர் தண்டின் வழியே வந்தவர்கள். அந்த வரலாற்றையே நாம் நேர்மையாக ஏற்க வேண்டும்.

1831 முதல் ஐம்பது ஆண்டுக் காலம் மைசூர் நாட்டை ஆங்கிலேய ஆணையாளர்கள் ஆண்டனர். 1881-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடு மீண்டும் உடையார் கைக்கு வந்தது. அப்போது எழுதப்பட்ட ஒப்படைப்புப் பத்திரத்தில் ஒரு விலக்கு இருந்தது. தண்டு மட்டும் மன்னர் ஆட்சியின்கீழ் வராது. 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் ஆங்கிலேயர் பொறுப்பிலேயே இருக்கும். 1913-இல் புதிய உடன்படிக்கை எழுதப்பட்டபோதும் அந்த ஏற்பாடு நீடித்தது. கப்பன் பூங்காவிற்கு மேற்கே மைசூர் மன்னரின் நகரம்; கிழக்கே ஆங்கிலேயரின் நகரம். இரு நகரசபைகள், இரு நீதிமன்றங்கள், இரு காவற்படைகள். இடையில் மதில் எதுவும் இல்லை. ஆனால் இரு அரசுகள் இருந்தன.

இந்தப் பிரிவு நமக்கு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது. தண்டில் வேலை இருந்தது, பள்ளிகள் இருந்தன. தண்டில் பொருளீட்டிய ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் கல்விச்சாலை நிறுவினார். அது இன்றளவும் கிளைத்துத் தழைத்து நிற்கிறது. அத்தாரா கச்சேரி என வழங்கும், இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் செந்நிறக் கட்டடத்தை 1860-களில் கட்டிய ஒப்பந்தக்காரரும் அவரே. இவை பெருமைக்குரியன. ஆனால் தண்டில் வாழ்ந்த நம்மவர்க்குத் தமிழும் ஆங்கிலமும் போதுமாயின. அரை மைல் மேற்கே நடந்தால் வழங்கும் கன்னடத்தைக் கற்க வேண்டிய கட்டாயம் நேரவில்லை. நூறாண்டுக்கு மேல் ஒரு நாட்டில் வாழ்ந்தும், அந்நாட்டாரோடு அவர்கள் மொழியில் உரையாடாமல் வாழ்வதற்கு ஓர் உடன்படிக்கை நமக்கு வசதி செய்து கொடுத்தது. அந்த வசதியின் விலையை நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் செலுத்த நேர்ந்தது.

1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்கு விளைநிலம் என்று உணர்ந்த அதிகாரிகள், தண்டைச் சுற்றிப் புதிய குடியிருப்புகளை அமைக்கலாயினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த ஆஸ்டின் டவுன், குறைந்த வருவாயுடையோர்க்கென வகுக்கப்பட்டது. திட்டமிட்ட ஜேம்ஸ் ஆஸ்டின் என்பவரின் பெயர் அதற்கு அமைந்தது. சிறிய வீடுகள், நேரான தெருக்கள், பிள்ளைகள் பந்து விளையாடும் திடல் என நம் பேட்டை உருப்பெற்றது.

1947-இல் இந்தியா விடுதலை பெறுவதற்குச் சிறிது முன்பு, ஜூலை மாதத்தில், தண்டு மைசூருக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. வீட்டை மாற்றாமலே அங்கிருந்தோர்க்கு அரசு மாறிற்று. 1949-இல் இரு நகரங்களும் ஒரே மாநகராட்சி ஆயின. 1956-இல் மொழிவழி மாநிலம் அமைந்தது. 1973-இல் அது கர்நாடகம் என்று பெயர் பெற்றது. கன்னட மக்களுக்கு இது, பிரிந்து கிடந்த தம் வீட்டின் ஓர் அறை திரும்பக் கிடைத்தது போன்றது. அந்த அறையில் ஏற்கெனவே குடியிருந்த நமக்கு அச்சம் தோன்றியது இயல்பே. ஆனால் அவர்களுடைய மகிழ்ச்சியும் இயல்பே என்பதை நாம் உணர நெடுங்காலம் ஆயிற்று.

நிலத்தின் கதை இது. இனி நீரின் கதையைக் காண்போம்.

1892-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் மைசூர் அரசும் சென்னை அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. குறிப்பிட்ட ஆறுகளில் சென்னை அரசைக் கலக்காமல் மைசூர் புதிய பாசனப் பணிகளைத் தொடங்கலாகாது என்பது அதன் கருத்து. அந்த ஆறுகளின் வரிசையில் காவிரியும் இருந்தது, தென்பெண்ணையும் இருந்தது. தென்பெண்ணை இருந்ததை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் அதனிடம் திரும்புவோம். 1924-இல், அதே பிப்ரவரி 18-ஆம் நாள், காவிரிக்கெனத் தனி ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி மைசூர் 44.8 டி.எம்.சி. கொள்ளும் கிருஷ்ணராஜ சாகரத்தைக் கட்டி முடித்தது, சென்னை 93.5 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணையை 1934-இல் நிறைவு செய்தது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடிக் கன அடி. ஐம்பது ஆண்டு கழித்து ஒப்பந்தத்தின் சில கூறுகளை மீண்டும் ஆராயலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது.

அந்த ஐம்பதாண்டு 1974-இல் நிறைவுற்றது. அதே 1974-இல்தான் காவிரி முதன்முறையாகப் பெங்களூர்க் குழாய்களில் வந்தது. தொரேகாடனஹள்ளியில் எடுத்த நீரை மூன்று கட்டமாக, ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரத்திற்கு இறைத்து நகருக்குக் கொணர்ந்தனர். ஒப்பந்தம் ஐயத்திற்கு இடமான ஆண்டும், அந்நீர் நம் குடத்தில் விழுந்த ஆண்டும் ஒன்றே. தஞ்சையில் குறுவைக்கு நீர் போதுமா என்று நம் உறவினர் கவலைப்பட்ட அந்நாளில், நாம் அதே ஆற்றின் நீரைப் பெங்களூரில் பருகத் தொடங்கினோம்.

பின்னர் நிகழ்ந்தவற்றை எல்லாரும் அறிவோம். 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூனில், ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் தமிழ்நாட்டை அடைய வேண்டும் என்று அது இடைக்கால ஆணை பிறப்பித்தது. அவ்வாணை டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, உயிர்கள் மாண்டன, பல்லாயிரவர் எல்லை கடந்து ஓடினர். 2016 செப்டம்பரில் மீண்டும் தீ எழுந்தது, பேருந்துகள் எரிந்தன. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் கன்னடர் சிலர் துன்புற்றனர். 1991-இல் நாம் விளக்கை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னே அமர்ந்திருந்த இரவுகள் உண்டு. அவ்விரவுகளில் கன்னடம் பேசும் அண்டை வீட்டார் வாயிலில் வந்து நின்று, "நாங்கள் இருக்கிறோம்" என்று சொன்னதும் உண்டு. இரண்டையும் நாம் மறவோம். எந்த அரசும் எழுதித் தராத உடன்படிக்கை அந்த வாயிற்படியில் நிறைவேறியது.

2007-இல் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. பெங்களூரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகையைச் சேர்ந்தது என்று கொண்டு, அந்த அளவிற்கே குடிநீர்த் தேவையை அது கணக்கிட்டது. 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இக்கணக்கைத் திருத்தியது. கர்நாடகத்தின் பங்கு 14.75 டி.எம்.சி. உயர்ந்து 284.75 ஆயிற்று, தமிழ்நாட்டின் பங்கு அதே அளவு குறைந்து 404.25 ஆயிற்று. உயர்ந்த அந்தப் பங்கில் 4.75 டி.எம்.சி. பெங்களூர் நகரின் தாகத்திற்கென்றே ஒதுக்கப்பட்டது. கோரமங்கலப் பள்ளத்தாக்கின் சரிவில் அமைந்த நம் ஆஸ்டின் டவுன் காவிரிப் படுகைக்கு வெளியே உள்ளது. எனவே தமிழ்நாட்டின் பங்கிலிருந்து கழித்து, கர்நாடகத்தின் கணக்கில் சேர்த்து, படுகைக்குப் புறம்பான நம் வீட்டுக்கு அந்நீர் வருகிறது. வழக்காடிய இரு தரப்பிலும் நாம் இருக்கிறோம். பிறந்த நாட்டின் இழப்பும் வாழும் நாட்டின் ஆதாயமும் நம் ஒரே குடத்தில் கலந்திருக்கின்றன.

குடத்தில் வந்த நீர் எங்கே போகிறது? இக்கேள்வியை நாம் கேட்பதே இல்லை. நம் வீட்டுச் சாக்கடை கோரமங்கலப் பள்ளத்தாக்கின் பெரு வாய்க்காலில் சேர்கிறது. அது பெல்லந்தூர் ஏரியை அடைகிறது, அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அதன்பின் தென்பெண்ணையாறு. 1892-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பெயர் பெற்ற அதே தென்பெண்ணை! பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி வீதிக்கு வந்ததையும், 2015-லும் பின்னர் 2018-லும் நீர்ப்பரப்பிலேயே தீப்பற்றியதையும் உலகம் வியந்து பார்த்தது. நுரை அங்கே நிற்கவில்லை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலும் மதகு திறக்கும்போது வெண்ணுரை பொங்குவதைக் காணலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் வழியே அவ்வாறு கடலை நாடுகிறது. நம் முன்னோருள் பலர் புறப்பட்டு வந்த ஊர்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவர்கள் ஏறி வந்த திசையிலேயே நம் கழிவுநீர் இறங்கிச் செல்கிறது.

காவிரியில் நீர் குறைந்தால் நியாயம் கேட்கும் நாம், பெண்ணையில் நஞ்சு கலந்தால் யாரிடம் நியாயம் கேட்பது? அந்த நஞ்சில் நம் பங்கும் உண்டே! 2018 முதல் இந்தப் பள்ளத்தாக்கின் கழிவுநீரை ஓரளவு தூய்மைப்படுத்திக் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஏரிகள் நிறைந்தன என்று மகிழ்வோரும், நீர் போதிய அளவு தூய்மையாகவில்லை என்று வருந்துவோரும் அங்கே உண்டு. நாம் கழித்த நீர் பிறர் கிணற்றில் ஊறுகிறது என்பது மட்டும் உறுதி.

இத்தகைய நிலை நமக்கு மட்டும் உரியதன்று. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து புகலிடம் தேடிச் சென்ற தமிழர் பெருந்தொகையினராகக் கானடாவின் டொராண்டோ நகரில் வாழ்கின்றனர். அந்நகரம் நிற்கும் நிலத்தை மிசிசாகா என்னும் பழங்குடியினரிடமிருந்து ஆங்கிலேயர் 1787-இல் பெற்றதாகக் கூறினர். பத்திரத்தை எடுத்துப் பார்த்தபோது, நிலத்தின் எல்லையைக் குறிக்க வேண்டிய இடம் வெற்றிடமாகவே இருந்தது. 1805-இல் மீண்டும் எழுதினர். இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 2010-இல், கானடா அரசு 14.5 கோடி டாலர் இழப்பீடு கொடுத்து அவ்வழக்கைத் தீர்த்தது. அந்தப் பத்திரம் எழுதியபோது ஈழத்தமிழர் எவரும் அங்கில்லை. ஆயினும் அதன் பயனாகிய நிலத்தில் இன்று வீடு கட்டி வாழ்கின்றனர். தாய்நாட்டில் நிலத்தை இழந்து ஓடி வந்தோர், பிறர் இழந்த நிலத்தில் குடியமர்கின்றனர். இந்த உண்மையை எண்ணிப் பார்த்து, "உடன்படிக்கையில் நாமும் ஒரு தரப்பார்" என்று சொல்லத் தலைப்பட்டோர் அங்கே குடியேறியோரிடையே உள்ளனர்.

அந்தப் பேரேரிகளின் நாட்டில் ஐரோப்பியர் ஆட்சி வேரூன்றும் முன்பே பழங்குடி மக்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தனர். ஒரே கலம், ஒரே அகப்பை என்று அதற்குப் பொருள்படும் பெயர். வேட்டையாடும் காடு முழுவதும் ஒரு கலம். எல்லாரும் அதில் உண்ணலாம். ஆனால் தேவைக்கு மேல் எடுத்தல் கூடாது. பின்வருவோர்க்கு மிச்சம் வைத்தல் வேண்டும். கலத்தைத் தூய்மையாக வைத்தல் வேண்டும். கலத்தருகே கத்தியைக் கொண்டுவருதல் கூடாது. பந்தியில் அமர்ந்து உண்ணும் நமக்கு இது விளங்காத தத்துவமா? காவிரியும் பெண்ணையும் அத்தகைய கலங்கள் அல்லவா?

கலத்தின் தலைமாட்டில் உள்ளவர்களையும் இங்கே நினைத்தல் தகும். காவிரிப் படுகையின் காடுகளில் சோலிகர், ஜேனு குறும்பர் முதலிய தொல்குடியினர் வாழ்கின்றனர். 1892-லும் 1924-லும் நடந்த பேச்சில் அவர்களுக்கு இடமில்லை. 1974-இல் நிறைவுற்ற கபினி அணையின் நீர்ப்பரப்பு ஊர்களையும் காட்டையும் மூழ்கடித்தபோது, இடம் பெயர்ந்தோரில் அம்மக்களும் இருந்தனர். 2006-இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக 2011-இல் பிலிகிரி ரங்கன் மலைச் சோலிகர் தம் காட்டின்மீது சமுதாய உரிமை பெற்றனர். மைசூர் என்றும் சென்னை என்றும் நாம் வழக்காடும்போது, ஆற்றின் பிறப்பிடத்தைக் காத்துவந்த இவர்களை இரு மாநிலத்தாரும் மறந்துவிடுகிறோம்.

ஆகவே நம் கடமை யாது? முதலாவது மொழி. நம் ஆஸ்டின் டவுனுக்கு எஃப். கிட்டெல் நகர் என்று பின்னர்ப் பெயர் சூட்டப்பட்டது. கிட்டெல் யார்? 1832-இல் ஜெர்மனியில் பிறந்து, 1853-இல் பாசல் மிஷன் ஊழியராகக் கன்னட நாடு வந்தவர். வந்தவர் முதலில் கற்றது இந்நாட்டார் மொழியை. பல ஆண்டுகள் உழைத்து ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட கன்னட அகராதியைத் தொகுத்தார். அது 1894-இல் மங்களூரில் வெளிவந்தது. அயலானாக வந்தவர் ஒருவரைக் கன்னட மக்கள் தம்முள் ஒருவராக ஏற்று, நகரின் நடுவே சிலை வைத்துப் போற்றுகின்றனர். நமக்கு எழுபதினாயிரம் சொற்கள் வேண்டா. அண்டை வீட்டாரின் சுகதுக்கத்தை அவர் மொழியில் விசாரிக்கப் போதிய சொற்கள் இருந்தால் போதும். நம் பிள்ளைகளுக்குத் தமிழை ஊட்டுவோம். அதே தட்டில் கன்னடத்தையும் வைப்போம். ஒன்றைக் கற்றால் மற்றொன்று தேயும் என்று அஞ்சுவது, தண்டு காலத்துப் பழக்கத்தின் எச்சமே.

இரண்டாவது நீர். வரும் நீரை அளந்து செலவிடுவதும், போகும் நீரைக் கெடுக்காது அனுப்புவதும் நம் வீட்டளவில் நாம் நிறைவேற்றத்தக்க ஒப்பந்த விதிகள். பெரிய மனைகளில் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கி 2009-இல் இந்நகரில் சட்டம் வந்தது. சட்டம் கேளாத சிறு வீட்டாரும் கூரைநீரைத் தொட்டியில் பிடித்தால் காவிரியின் சுமை சிறிது குறையும். சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. எஞ்சிய ஏரிகளைக் காக்கக் கூடும் கூட்டங்களில் தமிழ்ப் பெயர்களும் கணிசமாக இருத்தல் வேண்டும். வாக்கு வங்கியாக எண்ணப்படும் நாம், வரப்பையும் மதகையும் காக்கும் கைகளாகவும் எண்ணப்படுவது நன்று.

மூன்றாவது நேர்மை. கர்நாடகத்தில் ஒரு சொல்லும் தமிழ்நாட்டில் ஒரு சொல்லும் பேசுவது நமக்கு எளிது. ஆனால் அது தகாது. இரு நாட்டையும் அறிந்தவர் நாமே. தஞ்சை உழவரின் இன்னலை மண்டியா உழவருக்கும், மண்டியா உழவரின் அச்சத்தைத் தஞ்சை உழவருக்கும் எடுத்துச் சொல்லத் தக்கவர் நம்மைவிட வேறு யார்?

அத்தகைய நல்லுறவு கைகூடாத கனவன்று. அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிய நிலையில் நின்றது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரு மாநில முதலமைச்சர்களும் கூடி அதனைத் திறந்தனர். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையை இருவரும் திறந்தனர். ஒருவர் வீட்டில் மற்றவரின் பெரியோர்க்கு ஆசனம் இட்டது போன்ற செயல் அது. நீர்ப் பங்கீடு அதனால் தீரவில்லை; ஆயினும் பேசுவதற்கு ஒரு திண்ணை கிடைத்தது.

1799-லும் 1881-லும் 1924-லும் கையொப்பமிட்டோர் எவரும் இன்றில்லை. அவர்கள் எழுதியவற்றுட் பல செல்லாவாயின. ஆனால் நிலம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, அண்டை வீட்டார் இருக்கின்றனர். நாளை வைகறையில் ஆஸ்டின் டவுனில் மீண்டும் அக்கேள்வி எழும்: "காவேரி வந்துவிட்டதா?" அப்போது கன்னடத்தில் மறுமொழி கூறி, அடுத்தவர் குடத்தையும் ஒரு கை பிடித்து இறக்கி வைப்போமாக. நாம் கையொப்பமிட வேண்டிய இடம் அதுவே.